‘கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க’ என்று எங்களிடம் சொல்லாதீர்கள்

வடசென்னை மக்கள் திறக்கும் இணையப் பக்கங்களை எழுதும், பராமரிக்கும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

தரமணியிலும் சிறுசேரியிலும், உங்களில் சிலர் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் உட்கார்ந்து எழுதும் பக்கங்களைக் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நாங்கள் திறக்கிறோம். புயல் எச்சரிக்கை, கடல் நிலை, பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிடும் நீரின் அளவு, மணலியின் காற்றுத் தரம், கன்டெய்னர் வெளியே வரத் தயாரா என்ற நிலவரம், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் என்று எல்லாம் இப்போது உங்கள் கை வழியாகத்தான் எங்களுக்கு வருகின்றன. அவற்றில் ஒன்று நேற்றைய சேதியை இன்றைக்குக் காட்டும்போது உதவி எண்ணைக் கூப்பிடுகிறோம். பதில் எப்போதும் ஒன்றுதான்: “சார், கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க.”

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நானும் உங்கள் தொழில்தான். ராயபுரத்தில் சரக்கு ஆவணங்களுக்கான மென்பொருளைப் பராமரிக்கிறேன். அதனால் அந்த வாக்கியம் எதை மூடி மறைக்கிறது என்று தெரியும். ‘இந்தப் பதிலை எவ்வளவு நேரம் நம்பலாம் என்று எங்கள் சர்வர் உங்கள் பிரவுசருக்குச் சொல்லவே இல்லை, அந்த வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் அது.

யாரிடம் சொல்கிறீர்கள் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டை நோக்கி வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர். கையில் இருப்பது கைப்பேசி. அதில் கன்ட்ரோலும் இல்லை, எஃப்-5உம் இல்லை. செட்டிங்ஸுக்குள் நாலு அடுக்கு இறங்கி எதையோ அழிக்கிறார். கேஷோடு சேர்த்து குக்கியும் போய்விடுகிறது. லாகின் அறுந்துவிடுகிறது. மறுபடி உள்ளே போக ஓ.டி.பி. வேண்டும், அது வண்டி முதலாளியின் எண்ணுக்குப் போகும். முதலாளி போனை எடுக்கும்வரை பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நீங்கள் எழுதாமல் விட்ட ஒற்றை வரியின் விலை இது.

அந்த ஒற்றை வரியின் பெயர் கேஷ்-கன்ட்ரோல். 1997 ஜனவரியில் எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையோடு அது வந்தது. இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் விதிகள் 2022 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 9111இல் இருக்கின்றன. புதிய சரக்கு இல்லை, ரகசியமும் இல்லை. சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது அதன் தலைமாட்டில் ‘மேக்ஸ்-ஏஜ் 60’ என்று எழுதினால், அறுபது நொடிவரை பிரவுசர் தன் கையிருப்பைக் காட்டலாம். அதற்குப் பிறகு சர்வரைக் கேட்காமல் காட்டலாகாது. இவ்வளவுதான் அடிப்படை.

எதுவுமே எழுதாவிட்டால் என்ன ஆகும்? ‘எழுதவில்லையென்றால் சேமிக்காது’ என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். நேர்முகத் தேர்வுகளில் இதே பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். உண்மை வேறு. சர்வர் வாய் திறக்காவிட்டால் பிரவுசர் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள நெறிமுறை அனுமதிக்கிறது. அந்தப் பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்று லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடர் சொல்கிறதல்லவா? மாறாமல் இருந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் இன்னும் மாறாது என்று வைத்துக்கொள்ளும். பத்து சதவீதம் என்ற உதாரணம் நெறிமுறையிலேயே இருக்கிறது. முக்கியமான பிரவுசர்களும் அதையே பின்பற்றுகின்றன.

இந்தக் கணக்கைக் காசிமேட்டுக்குக் கொண்டு வருகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 அன்று ஒரு பக்கத்தில் ‘தடை அமலில் உள்ளது’ என்று ஏற்றி, கேஷ்-கன்ட்ரோல் எதுவும் எழுதாமல் விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 14 அன்று ஒருவர் அதைத் திறக்கிறார். பக்கம் மாறாமல் இருந்தது 60 நாள். பத்தில் ஒரு பங்கு 6 நாள். ஆக ஜூன் 20 வரை அவருடைய கைப்பேசி சர்வரைத் தொடாமலே ‘தடை அமலில் உள்ளது’ என்று காட்டிக்கொண்டிருக்கலாம். இதில் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. தடை முடியும் தேதி காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரியே ஐஸும் டீசலும் ஏறியிருக்கும்.

இதே கணக்கைப் புயல் பக்கத்துக்குப் போடுங்கள். அறுபது நாளாக ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று சும்மா கிடந்த பக்கம். ஒரு ஃபைபர் படகுக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். அவருக்கும் 6 நாள். 2023 டிசம்பர் 3 அன்று புயலாக மாறிய மிக்ஜாம், அன்றும் மறுநாளும் சென்னையை முக்கி எடுத்து, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. ஒரு புயல் பெயர் வாங்கி, ஊரை அடித்து, கரை கடந்து ஓயும் மொத்தக் காலமும் அந்த 6 நாளுக்குள் அடங்கிவிடும். எவ்வளவு அதிக நாள் கடல் அமைதியாக இருந்ததோ அவ்வளவு அதிக நேரம் பிரவுசர் பழைய பக்கத்தை நம்பும். அமைதி நீள நீள ஆபத்து கூடும்படி அமைந்த கணக்கு இது. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. நீங்கள் எதையும் எழுதாததால் நடக்கிறது, அவ்வளவே.

புயல் நெருங்கும்போது வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஓர் அறிக்கை விடுகிறது. கரையை நெருங்கிவிட்டால் மணிக்கு ஒன்று. அந்த அறிக்கையை எடுத்துக் காட்டும் பக்கத்துக்கு மேக்ஸ்-ஏஜ் எவ்வளவு என்று நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். ‘ஃப்ரேம்வொர்க் என்ன போடுதோ அது’ என்பது முடிவு ஆகாது.

முடிவெடுத்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய செயலிகளில் இன்னும் எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் காலாவதி நேரத்தை எழுதுகிறீர்கள். அந்த நேரம் கிரீன்விச் நேரமாகத்தான் இருக்க வேண்டும். சர்வரின் இந்திய நேரத்தை அப்படியே எடுத்து, வால் பகுதியில் ‘ஜி.எம்.டி.’ என்று ஒட்டிவிட்டால், பக்கத்தின் ஆயுள் நீங்கள் நினைத்ததைவிட ஐந்தரை மணி நேரம் கூடிவிடும். அதற்குள் ஒன்றிரண்டு புயல் அறிக்கைகள் வந்து போயிருக்கும். மேக்ஸ்-ஏஜ் இருந்தால் எக்ஸ்பயர்ஸைப் பிரவுசர் பார்க்காது. நொடிக் கணக்கில் எழுதுங்கள், ஊர் நேரம் உள்ளே வராது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாப் பக்கத்துக்கும் ‘நோ-ஸ்டோர்’ போட்டுவிட்டு, ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று டிக்கெட்டை மூடிவிடுவீர்களோ என்பது என் அடுத்த பயம். தயவுசெய்து செய்யாதீர்கள். மிக்ஜாமின்போது மின்சாரமும் கைப்பேசிச் சிக்னலும் போய் நாங்கள் கிடந்த கிடையை உங்களிலும் பலர் அனுபவித்திருப்பீர்கள். எப்போதாவது ஒரு கோடு சிக்னல் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு கோட்டில் உங்கள் துறையின் சின்னத்தையும் அமைச்சர் படத்தையும் நாலு எழுத்துருக் கோப்புகளையும் மறுபடி மறுபடி இறக்கச் சொல்வது கொடுமை. மாறாததை மாறாதது என்று சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே பதிப்பின் அடையாளத்தைச் சேர்த்து, ஒரு வருஷத்துக்கு மேக்ஸ்-ஏஜும் கூடவே ‘இம்யூட்டபிள்’ என்றும் எழுதிவிட்டால் பிரவுசர் அதைப் பற்றிக் கேட்கவே வராது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயில் நேர அட்டவணைக்கு ஒரு நாள் கொடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மாறக்கூடிய பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’ போதும். சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுவிட்டுக் காட்டு என்பது அதன் கட்டளை. கூடவே ஈ-டேக் என்ற அடையாள முத்திரையையும் அனுப்புங்கள். அடுத்த முறை பிரவுசர் ‘இந்த முத்திரைதான் என்னிடம் இருக்கிறது, மாறியிருக்கிறதா?’ என்று இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் கேட்கும். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும். பக்கத்தின் உடல் வராது. முந்நூறு கிலோபைட் இறங்க வேண்டிய இடத்தில் சில நூறு பைட்டுகளோடு முடிந்துவிடும். இந்த மாதத்து டேட்டா பேக் தீரப்போகிற நாளில் எங்களுக்கு இதுவும் பணம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அனுப்பிய பக்கத்தைத் திரும்ப அழைக்க முடியாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. ஒன்றை இறக்கி மூன்றை ஏற்றினால் கரையில் நிற்கும் எல்லாக் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் மூன்று தெரியும். பழைய ஒன்று எவர் வீட்டிலும் தொங்கிக்கொண்டிருக்காது. உங்கள் பக்கம் அப்படி அல்ல. ஒரு நாள் மேக்ஸ்-ஏஜ் போட்டு அனுப்பிய ஒன்றாம் எண் கூண்டு, ஆயிரம் கைப்பேசிகளில் நாளை இதே நேரம்வரை தொங்கும். சி.டி.என். கன்சோலில் ‘பர்ஜ்’ பட்டனை நூறு முறை அழுத்தினாலும் அது சி.டி.என்.னைத்தான் துடைக்கும், எங்கள் கைப்பேசியை அல்ல. இதனால்தான் இரண்டு ஆயுளைத் தனித்தனியாகக் குறிக்க வழி வைத்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் பொதுக் கேஷுக்கு எஸ்-மேக்ஸ்-ஏஜ். அதை நீங்கள் துடைத்துக்கொள்ளலாம், ஆகவே கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கலாம். கைப்பேசிக்கு மேக்ஸ்-ஏஜ், அங்கே உங்கள் கை எட்டாது, ஆகவே கஞ்சமாகக் கொடுங்கள்.

கூண்டு என்றதும் இன்னொன்று. துறைமுகக் கூண்டுகள் மொத்தம் பதினொன்று. ஒன்று முதல் பத்துவரை ஆபத்தின் படிகள். பதினொன்று வேறு வகை: புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். ‘எனக்கு இப்போது நிலவரம் தெரியாது’ என்று ஊருக்குச் சொல்ல ஒரு சின்னத்தையே தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள்! கம்பித் தந்திக் காலத்து ஆட்களுக்கு இருந்த அந்த நேர்மை உங்கள் பக்கத்துக்கும் வேண்டும் என்று கேட்கிறேன்.

சர்வர் விழுந்துவிட்டால் பழையதைக் காட்டு என்று சொல்ல ஸ்டேல்-இஃப்-எரர் என்ற கட்டளை 2010இல் இருந்தே இருக்கிறது. சி.டி.என்.கள் பலவும் அதை மதிக்கின்றன, பிரவுசர்களை நம்ப முடியாது. கைப்பேசியில் அந்த வேலையைச் செய்ய சர்வீஸ் வொர்க்கர் எழுத வேண்டும். எழுதுங்கள். ஆனால் பழையதைக் காட்டும்போது அது பழையது என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள்: ‘இது காலை 8:30 மணி நிலவரம். இப்போது இணைப்பு இல்லை.’ இணைப்பே இல்லாமல் வெற்றுத் திரையைக் காட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல். தேதி போடாத பழைய பக்கத்தைவிட வெற்றுத் திரை மேல். மழைக்காலத்தில் பூண்டியில் நீர் திறக்கும்போது கொசஸ்தலையாற்றின் கரையில் சடையங்குப்பத்திலும் மணலி புதுநகரிலும் இருப்பவர்கள் எத்தனை கனஅடி என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் கேட்பார்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது எதற்கு?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அன்று அவர்களுக்கு எழுந்த முதல் கேள்வி ‘ஓடலாமா?’ அதற்கு எந்தப் பக்கமும் வேண்டியிருக்கவில்லை, மூக்கே சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்வி ‘எப்போது திரும்பலாம்?’ அதற்கு மூக்கு போதாது, அளவீடு வேண்டும். மணலியிலும் ராயபுரத்திலும் தானியங்கிக் காற்று அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணை எடுத்து அழகான வட்டம் வரைந்து பச்சையும் சிவப்பும் பூசுகிறீர்கள். அந்த எண் எந்த மணிக்கு எடுத்தது என்பதை வட்டத்துக்கு உள்ளேயே, எண்ணுக்கு நிகரான அளவில் எழுதினால் என்ன? ஜேசானில் அந்த நேரம் வருகிறது. நீங்கள்தான் திரையில் விடுவதில்லை.

இனி ஒரு வேறு வகைக் குறை. இங்கே பலருக்குக் கணினி என்றால் பிரவுசிங் சென்டர் கணினிதான். ஒரே நாற்காலியில் காலையிலிருந்து இருபது பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். நான் போன ஒரு சென்டரில் பின் அம்பை அழுத்தினேன். முன்னால் இருந்த பெண்ணின் ஆதார் எண், கணவர் பெயர், வருமானம் எல்லாம் என் முன்னால் விரிந்தது. அந்த அம்மா லாக்-அவுட் செய்துவிட்டுத்தான் எழுந்தார்; நான் கண்ணால் பார்த்தேன். எந்த இணையதளம் என்று சொல்லப்போவதில்லை. பல தளங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

நோ-ஸ்டோர் வேண்டிய இடம் இதுதான். ஆளுக்கு ஆள் வேறுபடும் பக்கம், அடையாள எண், மருத்துவ விவரம், வங்கி விவரம் இருக்கும் பக்கம் எதையும் சேமிக்க விடாதீர்கள். லாக்-அவுட் பதிலோடு க்ளியர்-சைட்-டேட்டா ஹெடரையும் அனுப்பினால் மிச்சம் மீதியும் போய்விடும். புயல் பக்கத்துக்கு நோ-ஸ்டோர் போட்டுவிட்டு இந்தப் பக்கத்தைச் சும்மா விட்டிருப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன். முற்றிலும் தலைகீழ்.

லாகினுக்குப் பிந்தைய மற்ற பக்கங்களுக்குக் குறைந்தபட்சம் ‘ப்ரைவேட்’ என்றாவது எழுதுங்கள். நடுவில் இருக்கும் பொதுக் கேஷ் அதைத் தொடக் கூடாது என்பது அதன் பொருள். பொதுக் கேஷ் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் 2015 கிறிஸ்துமஸ் நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில், தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் அமைப்பு ஒருவருக்காக உருவான பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டியது. சுமார் 34,000 பேருடைய விவரங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. அத்தனை வசதியும் ஆட்களும் உள்ளவர்களுக்கே ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது. குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்து மூன்று பேர் பராமரிக்கும் தளத்தில் நடந்தால் யாராவது அறிவிப்பார்களா என்ன?

தமிழ்ப் பக்கம் கேட்டவருக்கு ஆங்கிலப் பக்கம் வந்து நிற்பதும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான். ஒரே முகவரியில் இரண்டு மொழியையும் வைத்திருந்தால், மொழியைப் பொறுத்துப் பதில் மாறும் என்று வேரி ஹெடரில் சொல்ல வேண்டும். அதைவிட, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி முகவரி வைத்துவிடுவது உத்தமம்.

இவ்வளவும் ஏன் உங்கள் கண்ணில் படுவதில்லை என்று யோசித்திருக்கிறேன். உங்கள் கணினியில் டெவலப்பர் டூல்ஸ் திறந்தே இருக்கும். நெட்வொர்க் பகுதியில் ‘டிசேபிள் கேஷ்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ சொல்லி அடித்தது. அன்றிலிருந்து நீங்கள் உங்கள் பக்கத்தை எங்களைப் போலப் பார்த்ததே இல்லை. உங்களுக்கு எப்போதும் அது புதிதாகவே வருகிறது. சோதனை செய்பவர் புதுக் கணக்கில், இன்காக்னிட்டோ சாளரத்தில் திறக்கிறார். அவருக்கும் புதிது. போன வாரமும் திறந்து, இந்த வாரமும் திறக்கும் ஆள் உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஆள் நாங்கள்தான்.

ஆகவே என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிக்கை எடுங்கள். எடுத்துவிட்டு ஒரு வாரம் உங்கள் தளத்தைக் கைப்பேசியில், மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிறகு ஒரு சாதாரண அட்டவணை எழுதுங்கள்: எந்த முகவரி, அதில் என்ன இருக்கிறது, அது எத்தனை நேரத்துக்கு ஒரு முறை மாறும், பழையதைக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம். கடைசிக் கேள்விக்கு உங்களால் பதில் எழுத முடியாவிட்டால் மேலாளரைக் கேட்காதீர்கள், காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு விடியற்காலையில் வாருங்கள், அல்லது டிரெய்லர் வரிசையில் யாரையாவது கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்து ஹெடரை எழுதுங்கள். எழுதாத முகவரி ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. நிலவரம் காட்டும் எல்லாப் பக்கத்திலும் எடுத்த நேரம் தெரிய வேண்டும்.

அரசுத் துறைகளுக்கு டெண்டர் ஆவணம் தயாரிப்பவர்கள் உங்களுக்குள் இருந்தால், ஒப்படைப்புச் சோதனைப் பட்டியலில் இந்த அட்டவணையையும் சேருங்கள். வேகத்துக்குச் சோதனை வைக்கிறீர்கள், பாதுகாப்புக்கு வைக்கிறீர்கள். காலாவதியான பக்கத்துக்கு இதுவரை வைத்ததில்லை. உதவி எண்ணில் பேசுபவர்களின் கையில் இருக்கும் பதில் தாளிலிருந்து அந்தப் பழைய வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ‘எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு எடுத்த நிலவரம் என்று அதில் போட்டிருக்கிறது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தகவல் உங்கள் மேசைக்கு வரட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது. பெரும்பாலும் சர்வர் அமைப்புக் கோப்பில் சில வரிகள். விளக்கக் கடிதமோ வருத்தமோ எங்களுக்கு வேண்டாம். ஹெடர்கள் ஒளித்துவைக்கப்பட்டவை அல்ல, யாரும் பார்க்கலாம். இங்கே திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கணினி படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் உங்கள் பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கர்ல் கட்டளை போட்டுப் பார்ப்போம். கேஷ்-கன்ட்ரோல் வரி இல்லாத பக்கங்களின் பட்டியல் உங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து உங்கள் தொழிற்காரன் ஒருவன்